கடப்பாரையும் களியும்

ஜமக்காளச் சுருட்டின் ஒரு முனையைப் பிடித்துக் கான்ஸ்டபிள் உதறினார். மறுமுனையிலிருந்து கடப்பாரை நழுவி, கப்பி ரோட்டில் விழுந்து, 'ணங்' என்று கத்தியது.

இன்றைக்கும் எந்தக் கோயிலில் மணி அடித்தாலும் என் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே போய்விடும். பக்கத்தில் நிற்பவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். பக்தியுமில்லை, ஒன்றுமில்லை. அந்த 'ணங்'குக்கு நான் சரணடைந்த பழக்கம்.

சென்ற வாரம் ஆபீஸில் பாம்பு அடித்த கதையைப் படித்துவிட்டு என்னை வீரன் என்று எண்ணிய வாசகர்கள் யாராவது இருந்தால், இந்த வாரத்தோடு அவர்கள் மனம் மாறிவிடலாம்.

இடம், ஆலப்பாக்கம் தாண்டி ஒரு ரயில்வே கேட். காலம், யுத்த காலத்தில் ஒரு மார்கழி. அந்த வருஷம் பல ஊர்களில் தந்திக் கம்பியை அறுத்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஆகவே கேட்டுக்குக் கேட்டு போலீஸ் காவல். அப்படிப்பட்ட ஒரு கேட்டில், தண்டவாளத்தை எட்டித் தொடுகிற தூரத்தில், ஜமக்காளத்துக்குள் கடப்பாரையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நின்ற சர்க்கார் குமாஸ்தா நான். எனக்குப் பின்னால் என் மனைவி பெரியநாயகி. அவளுக்குப் பின்னால் அவள் தம்பி கனகசபை.

"எங்க போறீங்க?" என்றார் கான்ஸ்டபிள். மீசை கனம். குரல் அதைவிடக் கனம்.

'சுவாமி தரிசனத்துக்கு' என்று சொல்லியிருக்கலாம். 'சிதம்பரத்துக்கு' என்று மட்டும் சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் பயம் வந்துவிட்டால் என் நாக்குக்கு என்னைக் கேட்டுப் பேசுகிற வழக்கமில்லை.

"களி திங்கப் போறோம்" என்றேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் நடராஜருக்குக் களி படைப்பார்கள். பச்சரிசியை வறுத்து உடைத்து, வெல்லப் பாகில் கிளறி, நெய் விட்டது. 'திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆனால் கடலூரில் பெரிய ஜெயிலும் ஒன்று இருக்கிறது. அங்கே கொடுப்பதும் களிதான். அது கேழ்வரகு, நெய்யெல்லாம் கிடையாது. ஆகையால் எங்கள் ஊரில் ஒருவன் 'களி திங்கப் போறேன்' என்றால், கேட்கிறவன் முதலில் மாசத்தைப் பார்ப்பான். மார்கழியாக இல்லாவிட்டால் வக்கீலைப் பார்ப்பான். அந்த வருஷமோ, கொடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியவர்கள் எல்லாரும் 'களி திங்கப் போறோம்' என்று சிரித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

கான்ஸ்டபிள் கடப்பாரையைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நின்ன எடத்துலயே நில்லுங்க" என்றார்.

நான் அப்படியே நிற்கிறேன். அதற்குள் கடப்பாரை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

பரம்பரைச் சொத்து

பயம் எனக்கு என் அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து. முதல் யுத்தத்தில் எம்டன் கப்பல் மதராஸில் குண்டு போட்டது என்று கேள்விப்பட்ட அன்றே, அப்பா மாட்டு வண்டியில் பாத்திரம் பண்டம், பசுமாட்டுக் கன்றுக்குட்டி, தம் குடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்து உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே போய் இறங்கின பிறகுதான் என் அம்மாவை ஏற்ற மறந்தது தெரிந்தது. கடைசிக் காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் அம்மா எந்தச் சண்டையிலும் தோற்றதில்லை. "கன்னுக்குட்டி ஞாபகம் இருந்துச்சில்ல" என்பாள். அத்தோடு அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் அப்பாவை மிஞ்சினேன். ஜப்பான்காரன் பிளேன் வரும், எல்லாரும் பதுங்கு குழி வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் முதல் குழி என்னுடையது. பக்கத்து வீட்டு ஓவர்சீயரிடம் கடப்பாரை இரவல் வாங்கி, ஆபீஸுக்கு லீவு போட்டு, நானே வெட்டினேன். அதில் முதலில் விழுந்தவனும் நானே. ஐப்பசி மழையில் குழி நிரம்பித் தவளைகள் குடியேறின. அபாயச் சங்கு ஊதினால் தவளைகள் உள்ளே இருக்கும், நாங்கள் வெளியே நிற்போம்.

கடப்பாரையை ஓவர்சீயரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. திரும்பவும் தேவைப்பட்டால் என்ன செய்வது?

பாதி வந்தவன்

கனகசபை ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் வேலைக்குப் போனவன். என் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது என் வேட்டியைத் தூணோடு முடிச்சுப் போட்டுவிட்டு, "மாமா, உங்களைத் தேடி கலெக்டர் வந்திருக்காரு" என்று சொன்ன மகானுபாவன். தூண் நின்றது, நான் எழுந்தேன், வேட்டி தூணோடு இருந்துவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளை.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. பெரியநாயகி என்னைக் கலக்காமல் ஒரு வேண்டுதல் செய்துகொண்டாள்: தம்பி உயிரோடு வந்தால், வருகிற திருவாதிரைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு நடந்தே வருவதாக.

அவன் வந்தான். பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து, பிறகு ரயிலேறி வந்தான். நடந்தே வந்தவனை மறுபடி நடக்க வைப்பதாக வேண்டிக்கொண்டவள் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஆனால் வந்தது பாதிக் கனகசபைதான். உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கொடுத்ததைச் சாப்பிட்டான். கேட்டதற்குத் தலையாட்டினான். வாசற்படியைத் தாண்ட மாட்டான். தெருவில் நாலு பேர் கூட்டமாகப் போகிற காலடிச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வான். என் கையிருப்பில் இருந்த தமாஷ் அத்தனையையும் அவனிடம் கடை விரித்தேன். போணியே ஆகவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்ல. அவரா எழுந்து நடந்தாதான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இந்தத் திருவாதிரைக்கு அவன் கால் எடுத்து வெக்கலைன்னா, அப்புறம் எப்பவும் வெக்க மாட்டான்" என்றாள் பெரியநாயகி.

எனக்கு இருந்த பயங்கள் எல்லாவற்றையும் நீங்கள் சிரித்துத் தள்ளலாம். ஒன்றைத் தவிர. ரோட்டைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய ரோடு ஞாபகம் வந்து, இருக்கிற பாதியும் போய்விட்டால்?

கோலமாவு ரூட்

கார்த்திகையில் திட்டம் போட ஆரம்பித்தேன். ஆலோசகர், என் ஆபீஸ் சிநேகிதர் சவரிமுத்து. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்.

"புதுச் செருப்பு மட்டும் வாங்காத, மச்சான்" என்றார் அவர். அன்று சாயங்காலமே வாங்கினேன். நல்ல செருப்பு. நல்ல சத்தம்.

மழையில் கூடம் முழுக்க ஒழுகியதால், காய்ந்த தரை கனகசபையின் அறையில்தான் இருந்தது. அங்கே குந்தி உட்கார்ந்து கோலமாவால் ரூட் போட்டேன். செம்மண்டலம், கெடிலத்துப் பாலம், ஓ.டி. என்கிற ஓல்டு டவுன், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், புவனகிரி, வெள்ளாறு, சிதம்பரம். ஆபத்துள்ள இடங்களில் புளியங்கொட்டை வைத்தேன். இங்கே பாம்பு, இங்கே திருடன், இங்கே வெறிநாய், இங்கே பிளேன். சிறிது நேரத்தில் வீட்டில் புளியங்கொட்டை தீர்ந்துவிட்டது.

"சிதம்பரம் தெரியலையே. எல்லாம் புளியங்கொட்டையாவே இருக்கு" என்றாள் பெரியநாயகி, அரிவாள்மணையில் கீரை நறுக்கிக்கொண்டே.

"நீ வேடிக்கை பண்ணு. நடுரோட்டுல பிளேன் வந்தா எங்க போய்ப் படுப்ப? அதுக்குத்தான் கடப்பாரை எடுத்துட்டு வரேன். ரோட்டோரமா சட்டுனு ஒரு குழி..."

"கொட்டாங்கச்சியில தோண்டினாலும் உங்களுக்கு முன்னால தோண்டிடுவேன்."

அப்போது பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டு வந்து, ஓ.டி.க்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவில் கோட்டைத் தொட்டது.

"இங்க தண்ணி இருக்குமா, மாமா?"

கீரை நறுக்குகிற சத்தம் நின்றது.

ஊருக்கு வந்து மாசக்கணக்கில் அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. ஜப்பான்காரனுக்குத் திட்டம் போட்ட நான் தண்ணீருக்குப் போடவில்லை. ஒரு சொம்பு கூட எடுத்து வைக்கவில்லை.

"இருக்கும்பா. கெணறு இருக்கு" என்றேன்.

"அதுக்கப்புறம்?"

"குளம் இருக்கு."

"அதுக்கப்புறம்?"

இப்படியே ஊர் ஊராகச் சிதம்பரம் வரைக்கும் அவனுக்குத் தண்ணீர் காட்டினேன். தெரிந்த இடத்தில் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடத்தில் நானே கிணறு வெட்டினேன். அன்றிலிருந்து பெரியநாயகி அந்த அறையை மட்டும் பெருக்கவில்லை.

நடை

கிளம்புகிற அன்று விடிகாலையில் பனி புகை மாதிரி இறங்கியிருந்தது. எழுப்பலாமா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு பேரும் சைகையில் சண்டை போட்டுக்கொண்டு அறைக்குப் போனால், ஆள் இல்லை. ஓடிப் பார்த்தால், வாசற்படிக்கு உள்பக்கம் நிற்கிறான். கையில் எங்கள் வீட்டுப் பித்தளைக் கூஜா. வெறுங்கால்.

பெரியநாயகி அவனைத் தாண்டித் தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் தெரு முனைக்குப் போகிற வரைக்கும் அவன் நின்றான். பிறகு ஒரு காலை எடுத்து வெளியே வைத்தான். குளிர்ந்த தண்ணீரில் வைக்கிற மாதிரி வைத்தான்.

கெடிலத்தில் செந்நிறமாய்ப் புதுத் தண்ணீர் ஓடியது. எங்கோ பஜனைக் கோஷ்டியின் ஜால்ரா கேட்டது. ஓ.டி. வந்ததும் கருவாட்டு வாசனை. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வயல், பால் பிடித்த நெல், வரப்பில் கொக்கு. எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு கண் ஆகாயத்தில் இருந்தது, ஒரு கண் கனகசபை மேலே. செருப்பு மட்டும் 'வந்தேன், வந்தேன்' என்று கத்திக்கொண்டே வந்தது. ஓ.டி. தாண்டுவதற்குள் என் குதிகாலில் கொய்யாக்காய் அளவுக்கு ஒரு கொப்பளம்.

கனகசபை பேசாமல் நடந்தான். ஒவ்வொரு கிணற்றடியிலும் நின்று, கூஜாவில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாகப் பிடித்துக்கொண்டான். நிரம்பியிருந்தாலும் கொட்டினான், பிடித்தான். நாங்கள் காத்திருந்தோம்.

எங்களோடு சிதம்பரம் போகிற திருவாதிரைக் கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு, மூட்டையும் குழந்தையுமாக நடந்து, ஜாஸ்தி ஆகிக்கொண்டே வந்தது. மூட்டை தூக்கின ஜனங்களைப் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது. முகம் வெளுத்தது. 'போச்சு' என்று நினைத்தேன். திரும்பிவிடலாம் என்று வாயெடுக்கிற நேரத்தில்தான் அந்த ரயில்வே கேட் வந்தது.

கேட்டுக்கே வருகிறேன்

"யாரு நீங்க?" என்றார் கான்ஸ்டபிள்.

"கடலூரு. கலெக்டர் கச்சேரியில குமாஸ்தா."

"குமாஸ்தாவுக்குக் கடப்பாரை எதுக்கு?"

"குழி தோண்ட."

"யாருக்குக் குழி?"

"எங்களுக்குத்தாங்க."

அவர் மீசையைத் தடவினார். "களி திங்கறதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் நடக்கறீங்க? இங்கயே ஏற்பாடு பண்ணிடலாமே."

"அந்தக் களி இல்லீங்க. இது வெல்லம் போட்டது. அங்க வெல்லம் போட மாட்டாங்க."

"எங்க?"

"ஜெயில்ல."

"ஓகோ. ஏற்கெனவே சாப்பிட்டுப் பாத்திருக்கீங்க."

என் வேலை, பென்ஷன், என் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க மறுக்கப் போகிற சம்பந்திகள் எல்லாரும் கண் முன்னால் வந்து போனார்கள். எனக்கு அப்போது பிள்ளைகளே இல்லை என்பது கூட ஞாபகம் வரவில்லை.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியநாயகி அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் அழவில்லை. கான்ஸ்டபிளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கனகசபை மைல்கல் மேல் உட்கார்ந்து, கூஜாவைக் கட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சார்," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்க மாமா சொல்றது எல்லாம் நிஜம் சார். தலைக்கு மேல பிளேன் வந்தா ரோட்டோரமா குழி வெட்டிப் படுத்துக்கலாம்னு இதைத் தூக்கிட்டு வர்றாரு."

"பிளேன் வந்தப்புறமா வெட்டுவாரு?" கான்ஸ்டபிளுக்கு உண்மையிலேயே சந்தேகம்.

"அப்பறமாதான்."

"அதுக்குள்ள அது போட்டுட்டுப் போயிடாதா?"

"போட்டுட்டுதான் போவும் சார். நான் பர்மாவுலேர்ந்து நடந்து வந்தவன். ஓடறதுக்கே நேரம் இருக்காது." சிரிப்பு சட்டென்று நின்றது. கடப்பாரையைப் பார்த்தான். "இது மாதிரி ஒரு மாமா கூட வந்திருந்தார்னா, வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டாவது வந்திருப்பேன்."

கான்ஸ்டபிளின் குரலில் இருந்த கனம் போய்விட்டது. "பர்மாவுலேர்ந்தா? எங்க அண்ணன் அங்கதான் இருக்காரு. மரக் கம்பெனியில. ஒரு சேதியும் இல்ல."

கனகசபை எழுந்து கூஜாவை அவரிடம் நீட்டினான். அவர் அண்ணாந்து குடித்தார். பிறகு இரண்டு பேரும் கேட் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கனகசபையின் கை மட்டும் தெரிந்தது. மலை மாதிரி ஏறியது, இறங்கியது, ஆறு மாதிரி வளைந்தது. இத்தனை மாசம் சுவரைப் பார்த்து வைத்திருந்ததை அவன் ஒரு போலீஸ்காரரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டப்படி அதுவும் குற்றம். நான் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது அவன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "அங்கயே தங்கிட்டவங்களும் ஜாஸ்தி சார். வழியில தங்கி, மெதுவா வர்றவங்களும் உண்டு. நான் வருவேன்னு எங்க அக்காவைத் தவிர யாரு நெனச்சாங்க?"

கான்ஸ்டபிள் கடப்பாரையை எடுத்துக் கொட்டகைக்குள் சாத்தினார். "இது இங்க இருக்கட்டும். முன்னாடி இன்னும் ரெண்டு எடத்துல எங்காளுங்க நிக்கறாங்க. அவுங்க சிரிக்க மாட்டாங்க. வரும்போது வாங்கிக்குங்க." பிறகு கனகசபையிடம், "அங்க களி சாப்பிடறப்ப, எங்க அண்ணனை நெனச்சு ஒரு வாய் சாப்பிடு, தம்பி."

ஒரு வாய்

புதுச்சத்திரத்தில் தங்கினோம். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று எங்களைத் தள்ளியது. அதன் பிறகு மரங்களுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. பெரியநாயகி ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டாள். நானும் விழுந்தேன். கும்பிட இல்லை, கால் அவ்வளவுதான்.

தரிசனத்துக்கு ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் கடல் மாதிரிக் கூட்டம். கனகசபை என் மேல்துண்டின் முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். கூட்டம் நெருக்கினபோது துண்டு இறுகும், விட்டபோது தளரும். சுவாமி வெளியே ஆடிக்கொண்டு வந்தபோது அது தளர்ந்தே இருந்தது. நான் நடராஜரைச் சரியாகப் பார்க்கவில்லை. துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழ வீதியில் ஒரு வீட்டு வாசலில், முன்பின் தெரியாத அம்மாள் ஒருத்தர் நடந்து வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து இலை போட்டார். ஆவி பறக்கக் களி, பக்கத்தில் ஏழு கறிக் கூட்டு. கனகசபை முதல் கவளத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். யாரை நினைத்தான் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டான். இலையை வழித்தான்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா" என்றான்.

அவன் தானாக இரண்டாம் தடவை சோறு கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. பெரியநாயகி கூட்டு காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டில் காரமே இல்லை.

நான் கை கழுவிவிட்டு வந்து, பெரிய மனசோடு அறிவித்தேன். "வேண்டுதல் போறதுக்குத்தான். வர்றதுக்கு இல்ல. ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. ரயில்ல போயிடலாம்."

கனகசபை அந்த அம்மாளிடம் போய் ஏதோ கேட்டான். அவர் வாழையிலையில் களியை வைத்துக் கட்டி, நார் சுற்றிக் கொடுத்தார்.

"மாமா, கடப்பாரை?"

"போனாப் போவுது."

"ஓவர்சீயர் கேப்பாரே?"

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"கேட்டாண்ட அவருக்கு யாரு பதில் சொல்றது? வரும்போது வாங்கிக்கன்னாரு. களியைக் குடுத்துட்டு வாங்கிக்கணும்." பொட்டலத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தான். "நடந்தே போலாம் மாமா. தண்ணி எங்கெங்க இருக்குன்னுதான் தெரியுமே."

நான் பெரியநாயகியைப் பார்த்தேன். அவள் அதற்குள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

கனகசபை எங்களுக்கு முன்னால் போனான். ஒரு கையில் கூஜா, ஒரு கையில் இலைப் பொட்டலம். வீதி முனையில் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். போலீஸ் ஊருக்கெல்லாம் களி கொடுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. போலீஸுக்குக் களி கொடுக்க நடந்து போனவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.